சந்தூர் வரி எங்கே?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிப் பிரிவில் இருந்தேன். என் பொறுப்பில் இருந்தவற்றில் முக்கியமானது ஒரே ஒரு ரிப்போர்ட்: எந்த மண்டியில் இன்று எத்தனை டன் காய் வந்தது. சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு என்று ஆறு மண்டி. இரவு 8 மணிக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் மறுநாள் லாரி எங்கெங்கே போவது என்று முடிவாகும்.

ஜூன் மாதம், பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு நாள் தாளில் ஐந்து மண்டிதான் இருந்தது. அடியில் மொத்தம் சரியாகக் கூட்டி அச்சாகியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் மதியம் சந்தூரிலிருந்து போன்.

"தம்பி, நேத்து எடுத்த காய் அப்படியே கெடக்கு. அடியில இருக்கறதெல்லாம் கன்னிப் போவுது. வண்டி எப்பப்பா வரும்?"

ஆலை எடைமேடையில் நிற்கும் எடைக்குத்தான் பணம். ஒரு நாள் குவியலில் கிடந்தால் எடை இறங்கும், அந்த நஷ்டம் விவசாயி தலையில். அந்தப் போனை என்னால் மறக்க முடியவில்லை.

முந்தின நாள் சந்தூரில் இணையம் கிடைக்காமல் பதிவே வந்து சேரவில்லை. என் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) வரவுப் பதிவுகளிலிருந்து தொடங்கியது. பதிவு இல்லாத மண்டிக்கு அதில் வரியே கிடையாது. சரி, மண்டிப் பட்டியலை முன்னால் வைத்து, பதிவு இல்லாத மண்டியையும் விடாமல் இணைக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டேன். அப்போதும் சந்தூர் வரவில்லை. அரை நாள் போனது. தேதி நிபந்தனை, இணைத்த பிறகு வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் இருந்தது. சந்தூரின் பழைய நாள் பதிவுகள் முதலில் வந்து இணைந்துகொள்கின்றன. அப்புறம் தேதி வடிகட்டி அத்தனையையும் தள்ளிவிட, மண்டியும் கூடவே போய்விடுகிறது. நிபந்தனையை, எதை எதோடு இணைப்பது என்று சொல்லும் 'ஆன்' (ON) பகுதிக்கு மாற்றியதும் ஆறு வரியும் வந்தன.

சந்தூருக்கு நேரே எடை மட்டும் காலி. கூட்ட ஒன்றுமே இல்லாதபோது, கூட்டித் தரும் 'சம்' (SUM) ஃபங்ஷன் தருவது 0 அல்ல, நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை. எண்ணிச் சொல்லும் 'கவுண்ட்' (COUNT)தான் 0 தரும். நல் வந்தால் வேறு மதிப்பை வைக்கும் கோயலெஸ் (COALESCE) போட்டு 0 ஆக்கிவிடச் சொன்னார்கள், ஆக்கினேன். தாள் பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: முன்பு சந்தூரைப் பற்றி தாள் பேசாமல் இருந்தது, இப்போது பொய் சொல்கிறது. 'காய் வரவில்லை' வேறு, 'கணக்கு வரவில்லை' வேறு. இதை எந்த ஃபங்ஷனும் நமக்காகப் பிரித்துத் தராது. பதிவு செய்யும் இடத்திலேயே பிரிக்க வேண்டும்.

அதனால் மண்டி எழுத்தர்கள் தினமும் கணக்கு முடிக்கும்போது ஒரு முடிப்புப் பதிவு போட வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். முடிப்பு இருந்து எடை இல்லையென்றால் 'வரவு இல்லை'. முடிப்பே இல்லையென்றால் சிவப்பில் 'பதிவு வரவில்லை'. மொத்தத்துக்குக் கீழே 'ஐந்து மண்டி கணக்கு மட்டும்' என்றும் அச்சாகும்.

ஜூலை கடைசியில் பாலக்கோட்டில் காய் நின்றுபோனது. ஆனாலும் மாலை ஏழே காலுக்கு அங்கிருந்து முடிப்புப் பதிவு வந்துவிடும். சிவப்பு வரி தெரிந்த நாட்களில் லாரி பொறுப்பாளர் என்னைத் தேடி வருவதில்லை, நேராக அந்த மண்டிக்கே போன் போட்டுவிடுவார்.