வாஷ்பேசின் குழாயில் படியும் சுண்ணாம்பு

வாஷ்பேசினில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்ற ஒரு நாளில், அடியிலிருந்த பாட்டில் டிராப்பை (சாக்கடை நாற்றம் மேலே வராதபடி சிறிது நீரைத் தேக்கி வைக்கும் குப்பி வடிவப் பாகம்) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டிய வாயில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை; வளையம் வளையமாகப் படிந்திருந்த வெளிர்மஞ்சள் கல்லுக்குள் தலைமுடிகள் புதைந்து கிடந்தன. அதுவரை அடைப்பு என்றாலே காஸ்டிக் சோடாவைக் கொட்டுவதுதான் என் வழக்கம். அது எண்ணெய்ப் பிசுக்கையும் முடியையும் கரைக்குமே தவிர, சுண்ணாம்பைக் கரைக்காது.

கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கரியமில வாயுவை இழக்கும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கழிவுநீர்க் குழாயில், சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கரையாத பிசுக்கும் அதனோடு கலந்துவிடுகிறது. இந்தப் பிசுக்கு மேலே மூடியிருக்கும் வரையில் அமிலம் சுண்ணாம்பை எளிதில் எட்டாது என்பதால், முதலில் கை பொறுக்கும் சூட்டில் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொதிநீர் வேண்டாம்; பிவிசி குழாய் இளகிவிடும்.

பிறகுதான் அமிலம். 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர் முழுவதும் செலவானாலும் ஏறத்தாழ 40 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். 100 கிராம் சிட்ரிக் அமிலத்தால் 75 கிராமுக்கு மேல் கரைக்க முடியும். வினிகரோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. அவை பொங்குவது ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதால்தான், கல்லைக் கரைக்க அங்கே அமிலம் மிஞ்சுவதில்லை. பிளீச்சுடன் எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, நச்சுவாயுவான குளோரின் வெளிப்படும்.

டிராப்பை மாட்டியபடியே அமிலத்தை ஊற்றினால், உள்ளே நிற்கும் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். ஆகவே கழற்றிய பாகங்களை, ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வாளியில் இரவு முழுவதும் ஊறவிட்டேன். காதை அருகில் வைத்தால் மெல்லிய சீறல் கேட்டது. பிளாஸ்டிக்குக்கு இது சரி. குரோம் பூசிய பித்தளையானால் பூச்சு கெட்டுவிடும், அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துத் தேய்ப்பதே நல்லது.

காலையில் பழைய பல்துலக்கியால் தள்ளியதும் கல் பாளம் பாளமாக உதிர்ந்தது. சுவருக்குள் செல்லும் குழாயை நீண்ட பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வாஷரைச் சரிபார்த்து மாட்டிய பின், இணைப்புக்கு அடியில் காய்ந்த காகிதமொன்றை விரித்து, வாஷ்பேசினில் ஒரு வாளி நல்ல நீரை ஊற்றினேன். காகிதம் நனையவில்லை.