ஹாம்பர்க் கிட்டங்கித் தீவு: ஒரு பகுதியின் நாட்குறிப்பு

அக்டோபர் 15

1888இல் இதே நாளில்தான் ஹாம்பர்க் நகரம் ஜெர்மானியப் பேரரசின் சுங்க எல்லைக்குள் வந்தது. அதுவரை ஊர் முழுக்கவே சுங்கத்துக்கு வெளியே இருந்தது. கப்பலில் வந்த காப்பியை வணிகர் தன் வீட்டு மாடியிலேயே அடுக்கி வைக்கலாம். பின்வாசலில் வாய்க்கால், முன்வாசலில் தெரு, கீழே கணக்கறை, நடுவில் குடும்பம், மேலே சரக்கு என்பது பழைய வணிகர் வீட்டின் அமைப்பு.

பேரரசின் சான்சலர் பிஸ்மார்க் நெருக்கியதில் 1881 மே மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. ஊர் சுங்க எல்லைக்குள் வரும். துறைமுகத்தில் ஒரு துண்டு மட்டும் வெளியே நிற்கும். அந்தத் துண்டுக்குள் சரக்கு வரி கட்டாமல் எத்தனை காலமும் கிடக்கலாம். கட்டுமானச் செலவுக்குப் பேரரசு 4 கோடி மார்க் தந்தது.

ஷ்பைஷர்ஸ்டாட் என்ற கிட்டங்கி நகரம் இந்த ஏற்பாட்டில் பிறந்தது. இதைச் செங்கல் அழகுக்காகப் படம் எடுப்பவர்கள் ஏராளம். அடிப்படையில் இது ஒரு சுங்கக் கோடாக இருந்தது. கோட்டுக்குத் தெற்கே சரக்கு, வடக்கே மனிதர்கள். அந்தக் கோட்டையே சுங்கக் கால்வாய் என்று தோண்டி வைத்தார்கள். தரையில் வேலி போட்டால் தாண்டுவார்கள். தண்ணீர் என்றால் பாலத்தில் ஆள் நிறுத்தினால் போதும்.

அக்டோபர் 17

கோட்டின் தெற்கே அப்போது காலி நிலம் இல்லை. கேர்வீடர், வாண்ட்ராம் என்று இரண்டு குடியிருப்புகள் இருந்தன. கேர்வீடரில் துறைமுகக் கூலிகளும் கைவினைஞர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வாண்ட்ராமில் 17, 18ஆம் நூற்றாண்டு வணிகர் மாளிகைகள் நின்றன. நெய்த துணியை இழுத்துக் கட்டிக் காயவைக்கும் சட்டத்துக்கு வாண்ட்ராம் என்று பெயர். துணிக்காரர்கள் சட்டம் நட்ட இடம் அது.

1883இல் இடிக்கத் தொடங்கினார்கள். சுமார் 1,000 வீடுகள் போயின, 20,000 பேர் வெளியேறினார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரருக்கு நிலத்தின் விலை கிடைத்தது. வாடகைக்கு இருந்தவருக்கு நகரம் மாற்று வீடு கட்டித் தரவில்லை. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். துறைமுகத்தை விட்டு அகல முடியாதவர்கள் ஏற்கெனவே நெரிந்து கிடந்த சந்துகளில் ஒண்டினார்கள். தெருப்பெயர்கள் மட்டும் இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன.

அக்டோபர் 20

கடைக்கால் பற்றி விரிவாக எழுத வேண்டும். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

எல்பே ஆற்றுப் படுகையில் மேலாக இருப்பது களியும் தாவரம் மக்கிய கருஞ்சேறும். கெட்டி மணல் அதற்கும் கீழே. ஐந்து மாடி செங்கல் கட்டடம், அதற்குள் மூட்டை மூட்டையாகச் சரக்கு, இவ்வளவு பாரத்தை அந்தச் சேறு தாங்காது. வானம் தோண்டிக் கல் பரப்பும் முறை இங்கே செல்லாது. ஆகவே நீண்ட மரங்களைச் சேற்றைத் துளைத்து மணலில் பாயும்வரை நீராவிச் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். மரத்தின் தலைகளை ஒரே மட்டத்தில் அறுத்து, அதன்மேல் தளம் பரப்பி, அதிலிருந்து சுவரை எழுப்பினார்கள்.

அறுக்கும் மட்டத்தில்தான் சூட்சுமம். தண்ணீர் எவ்வளவு வற்றினாலும் தலை வெளியே தெரியக்கூடாது. நீருக்குள் இருக்கும் மரத்துக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாமல் பூஞ்சை வளராது. நூறாண்டு ஆனாலும் உளுக்காது. தலை ஒரு நேரம் நனைந்து ஒரு நேரம் காய்ந்தால் கொஞ்ச காலத்தில் மேல்முனை மிருதுவாகிவிடும்.

பிழை பிற்பாடுதான் வந்தது. ஹாம்பர்க் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தாலும் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், அதுவரை ஏறும். 1900 வாக்கில் பெருக்கத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர். பெரிய கப்பல்களுக்காக ஆற்றை மீண்டும் மீண்டும் ஆழப்படுத்தியதில் இன்று 3.5 மீட்டரைத் தாண்டுகிறது. பெருக்கம் உயர்ந்தது, வற்றம் தாழ்ந்தது. அன்று கணக்குப் போட்டு அறுத்த மட்டம் இன்றைய தண்ணீருக்குப் பொருந்துவதில்லை. நீரோட்டம் கரைச்சுவரின் காலடி மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. மேலே செங்கல் கம்பீரமாக நிற்கும்போது கீழே சுவர் வாய்க்கால் பக்கம் சாயத் தொடங்கும். கரைச்சுவர்களைப் பழுதுபார்க்கும் வேலை இங்கே ஓயாததன் காரணம் இதுதான். வெளியே தெரியாத வேலை என்பதால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும்.

அக்டோபர் 23

அந்தக் காலத்தில் ஒரு காப்பி மூட்டையின் பயணம்.

கடற்கப்பல் இந்த வாய்க்கால்களுக்குள் வராது. துறைமுகத்தில் சரக்கு ஷூட்டெ என்னும் தட்டையடிப் படகுக்கு மாறும். படகோட்டி நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்கு ஓத அட்டவணைதான் பஞ்சாங்கம். வற்றத்தில் இந்த வாய்க்கால்கள் சேறு தெரிய வடிந்துவிடும்; நேரம் தப்பினால் படகு தட்டிப்போகும், அடுத்த பெருக்கம்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கிட்டங்கிக்கும் இரண்டு முகம், ஒன்று தண்ணீரைப் பார்த்து, மற்றது தெருவைப் பார்த்து. கூரை முகப்பில் செப்புத் தகடு போர்த்திய ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பளுதூக்கும் கப்பி. அதன் நேர்கீழே ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு. மூட்டைகளைக் கயிற்றுச் சுருக்கில் மாட்டி மேலே இழுப்பார்கள். கதவருகே நிற்பவர் தொங்கும் பாரத்தைப் பிடித்து உள்ளே வாங்க வேண்டும். விழுந்தால் கீழே படகுத்தளம், அல்லது தெருக்கல். முதல் கப்பிகள் நீர் அழுத்தத்தால் இயங்கின. அழுத்தத்தையும் மின்சாரத்தையும் தந்த கொதிகலன் வீடு ஸாண்டோர்கை தெருவில் இப்போதும் நிற்கிறது.

உள்ளே வந்ததும் எடை போடுவது, கூர்முனைக் குழாயை மூட்டையில் குத்தி மாதிரி எடுப்பது, தரம் பிரிப்பது, அடுக்குவது. இதைச் செய்தவர்கள் க்வார்ட்டீர்ஸ்லொய்ட. நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து தொழில் நடத்துவார்கள். பலகையில் ஒருவர் பெயர், பின்னால் ‘கூட்டாளிகள்’ என்று சுருக்கமாக ஒரு சொல். சரக்கு அவர்களுடையதல்ல, வணிகருடையது. எந்த மூட்டையில் ஈரம் பட்டது, எது வாசம் மாறியது என்று கையும் மூக்கும் வைத்துச் சொன்னவர்கள் இவர்கள்தான். காப்பியும் தேயிலையும் பக்கத்து மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். மிளகு கிடந்த தளத்தில் தேயிலையை இறக்கியவர் இரண்டையும் கெடுத்தவர் ஆவார்.

கட்டடத்தில் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. தடித்த செங்கல் சுவர் வெளி வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். காப்பிக்கும் கோக்கோவுக்கும் கம்பளத்துக்கும் வேண்டியது அந்த மாறாத குளுமை.

வரி எப்போது? மூட்டை சுங்கக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போகும்போது மட்டும். மறுபடி கப்பலேறி வேறு நாட்டுக்குப் போனால் வரியே இல்லை. விலை ஏறும்வரை காத்திருக்க இதைவிட நல்ல இடம் வணிகருக்கு வேறு இருக்கவில்லை. 1887இல் காப்பிக்கென்று தனிச் சந்தையே இங்கே வந்தது.

அக்டோபர் 24

நேற்று விட்டது: உட்தூண்கள். முதல் கட்டத் தொகுதிகளில் இரும்புத்தூண் வைத்தார்கள். தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை. 1891இல் ஒரு பெருந்தீயில் இரும்பு சூடேறி வளைந்தது, தளங்கள் சரிந்தன. தடித்த மரத்தூணோ மேற்புறம் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். ஆட்கள் வெளியேற அவகாசம் கிடைக்கும். அடுத்த தொகுதிகளில் மரத்துக்குத் திரும்பினார்கள். பழையதற்குத் திரும்புவதைப் பின்னடைவாக நினைக்காத பொறியாளர்கள்.

அக்டோபர் 29

1888இல் இந்நாளில் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் வந்து ப்ரூக்ஸ் பாலத்தருகே நிறைவுக் கல் வைத்தார். வேலை நிறைவாகவில்லை, கட்டுமானம் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

தலைமைப் பொறியாளர் ஃப்ரான்ஸ் ஆண்ட்ரேயாஸ் மேயர். சிவப்புச் செங்கல், கோபுரம், மெருகிட்ட செங்கல் பட்டை எல்லாம் அவர் கற்ற ஹனோவர் பள்ளியின் பாணி. ஆனால் அவரை நினைக்க இன்னொரு காரணம் உண்டு. 1892இல் ஹாம்பர்கில் காலராவில் 8,605 பேர் இறந்தார்கள். எல்பே நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டிருந்தார்கள். மணல் வடிகட்டி வைத்திருந்த பக்கத்து ஊர் அல்டோனா பெருமளவு தப்பியது. சந்துகளில் நெரிந்து கிடந்தவர்களே அதிகம் மாண்டார்கள். மறு ஆண்டு கால்டெஹோஃபெ தீவில் திறந்த மணல் வடிகட்டி நிலையமும் மேயருடையதே. சரக்குக்கு வீடு முதலில் வந்தது, மனிதருக்குச் சுத்தமான தண்ணீர் பிறகு. வரிசையை மாற்றிச் செய்திருக்கலாம்.

நவம்பர் 3

இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் கிட்டங்கி நகரத்தில் ஏறக்குறைய பாதி அழிந்தது. வெர்னர் கால்மோர்கன் என்ற கட்டடக் கலைஞர் 1967 வரை மீட்டுக் கட்டினார். முடிந்தவற்றைப் பழையபடி எழுப்பினார். முடியாத இடத்தில் அதே செங்கல் நிறத்தில் எளிமையாகப் புதியது கட்டினார். போலிக் கோபுரம் வைக்காதது அவருடைய நேர்மை.

அவர் முடித்த மறு ஆண்டு, 1968இல், ஹாம்பர்குக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. பெட்டியைத் திறக்காமலே லாரியில் ஏற்றலாம் என்றானபின் மூட்டையை மாடிக்கு இழுக்கும் கப்பிக்கு என்ன வேலை? காப்பி போயிற்று, கோக்கோ போயிற்று. கம்பளம் மட்டும் நெடுநாள் தங்கியது.

நவம்பர் 8

1997 மே 7இல் ஹாம்பர்க் நகரத் தலைவர் ஹென்னிங் ஃபோஷெராவ் அறிவித்தார்: கிட்டங்கிகளுக்குத் தெற்கே பழைய துறைமுக நிலத்தில் ஹாஃபன்சிட்டி என்ற புதிய நகர்ப்பகுதி. மொத்தம் 157 ஹெக்டேர், தண்ணீரும் சேர்த்து. வெளியே சொல்லும் முன்பே அங்கிருந்த இடங்களைச் சத்தமில்லாமல் நகரத்தின் கைக்குக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள்; செய்தி கசிந்தால் விலை ஏறும். 2000 பிப்ரவரியில் முதன்மைத் திட்டம் ஏற்கப்பட்டது. 2008 மார்ச் 1இல் கிட்டங்கி நகரமும் சேர்ந்து ஹாஃபன்சிட்டி தனி நகர்ப்பகுதியானது.

நிலம் விற்ற பணம் எங்கே போனது என்பதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. அதில் ஒரு பங்கு அல்டன்வெர்டர் கன்டெய்னர் முனையத்துக்கு. அந்த முனையத்துக்காக அல்டன்வெர்டர் மீனவ ஊர் காலி செய்யப்பட்டது. அதன் தேவாலயம் மட்டும் கன்டெய்னர்களுக்குப் பக்கத்தில் தனியே நிற்கிறது. 1883இல் மனிதரை எழுப்பிவிட்டுச் சரக்கை வைத்த இடத்தில் மீண்டும் மனிதரைக் குடியேற்ற, வேறோர் ஊரின் மனிதரை எழுப்பிவிட்டுச் சரக்கை வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 11

இப்போது இரண்டாவது கோடு, வெள்ளக்கோடு.

ஹாம்பர்கின் பெரிய கரை சுங்கக் கால்வாய்க்கு வடக்கே ஓடுகிறது. கிட்டங்கி நகரமும் ஹாஃபன்சிட்டியும் கரைக்கு வெளியே. 1962 பிப்ரவரி 16–17 இரவு கடல்மட்டத்துக்கு மேல் 5.70 மீட்டர் தண்ணீர் ஏறி, ஹாம்பர்கில் 315 பேர் இறந்தார்கள். 1976 ஜனவரி 3இல் 6.45 மீட்டர். 2013 டிசம்பர் புயலில் 6.09 மீட்டர்.

சுற்றிலும் கரை கட்டலாமே என்ற யோசனையைக் கைவிட்டதற்கு இரண்டு காரணம். கரை முழுதாக மூடிய பிறகே முதல் வீட்டில் ஆள் குடியேற முடியும். மூடிய கரைக்குள் இருந்தால் தண்ணீரே தெரியாது. ஆகவே வடகடல் ஓரத்து உழவர்கள் தம் வீட்டுக்கு மேடு போட்ட பழைய முறையை எடுத்தார்கள். அந்த மேட்டுக்கு வார்ஃப்ட் என்று பெயர். கட்டடமும் தெருவும் சுமார் 8 முதல் 9 மீட்டர் உயரத்தில். கரையோர நடைபாதை மட்டும் தாழ்வாக, 4.5 முதல் 5.5 மீட்டரில்; பெருவெள்ளத்தில் அது மூழ்கலாம் என்று ஏற்றுக்கொண்டே கட்டியிருக்கிறார்கள். மேட்டின் வயிற்றுக்குள் கார் நிறுத்தம்.

எங்கே தவறும் என்றால் கதவுகளில். மேட்டின் கீழ்மட்ட வாசல்களுக்குக் கனத்த எஃகு வெள்ளக்கதவு உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் அந்தந்தக் கட்டடத்தின் பொறுப்பாளரே மூட வேண்டும். ரப்பர் விளிம்பு வெடித்திருந்தாலோ, தண்டவாளத்தில் கல் சிக்கியிருந்தாலோ எத்தனை மீட்டர் உயரமிருந்தும் பயனில்லை. பயிற்சி ஓட்டம் அவசியமாவது இதனால்தான்.

தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி? தாழ்ந்து கிடக்கும் கிட்டங்கி நகரம் நடுவில் இருக்கிறது. அதன் மேலாகவே உயர்த்திக் கட்டியது கிப்பல்ஷ்டேக் பாலம். சாதாரண நாளில் மேல்தளத்தில் மக்கள் நடப்பார்கள். வெள்ள நாளில் அதுவே மீட்பு வண்டிகளுக்கான பாதை. இந்தப் பகுதி முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த கட்டுமானம் அதுதான்.

கிட்டங்கிகளில் வீடுகள் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு விடையின் பெரும்பகுதியும் இதில் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான கட்டடத்தை மேடேற்ற முடியாது.

நவம்பர் 16

ஹாஃபன்சிட்டியில் நிலம் விற்கும் முறை படிக்கத் தகுந்தது. தேர்வான கட்டுநர் உடனே வாங்க முடியாது. நிலம் அவருக்கென்று ஒதுக்கி வைக்கப்படும். அந்தக் காலத்துக்குள் மண்பரிசோதனை, கட்டடக் கலைஞர் போட்டி, அனுமதி மூன்றையும் முடித்தால்தான் கிரயம். இழுத்தடித்தால் நிலம் நகரத்திடமே இருக்கும். வாங்கிப் போட்டு விலையேற்றத்துக்குக் காத்திருக்க வழியில்லை. இங்குள்ள க்ராஸ்ப்ரூக் பகுதியில் 1840களிலிருந்து எரிவாயு ஆலை இருந்ததால் மண்பரிசோதனை வெறும் சடங்கல்ல. நஞ்சு ஊறிய மண்ணை அகற்ற வேண்டியிருந்தது.

நவம்பர் 19

எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கு பற்றிச் சுருக்கமாக. கீழே இருப்பது கால்மோர்கன் 1960களில் கட்டிய கோக்கோ, தேயிலை, புகையிலைக் கிட்டங்கி. அதை 1,111 பைல்கள், அதாவது மண்ணில் இறக்கிய கடைக்கால் தூண்கள், தாங்கின. மேலே இசையரங்கு ஏற்ற இன்னும் 650 இறக்கினார்கள். உள்ளே முழுதாகக் குடைந்து வெளிச்சுவரை மட்டும் வைத்தார்கள். கப்பல் சங்கின் ஓசை உள்ளே வராதபடி பேரரங்கம் 362 வில்சுருள் தொகுதிகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 11இல் திறந்தபோது, முதலில் 7.7 கோடி யூரோ என்று சொன்ன பொதுப்பணச் செலவு 78.9 கோடி ஆகியிருந்தது. வரைபடம் முடியும் முன்பே ஒப்பந்தம் போட்டதுதான் பெரிய காரணம். பிறகு ஒவ்வொரு மாற்றமும் தகராறாயிற்று.

நவம்பர் 24

லோஸெ பூங்கா. இங்கே ஹனோவர் ரயில் நிலையம் இருந்தது. நாஜி ஆட்சியில், 1940 மே 20இல், ஸின்டி, ரோமா என்னும் நாடோடி மரபு மக்களை நாடுகடத்தி ஏற்றிய முதல் வண்டி இங்கிருந்து பெல்செட்ஸ் முகாமுக்குப் போனது. கடைசி வண்டி 1945 பிப்ரவரியில் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு. யூதர்கள், ஸின்டி, ரோமா என 8,000க்கும் மேற்பட்டோர் இந்த மேடையில் ஏற்றப்பட்டார்கள். போருக்குப் பின் கட்டடத்தை இடித்தார்கள். இடம் சரக்கு நிலையமாகவே ஓடியது.

ஹாஃபன்சிட்டிக்கு வரைபடம் போடும்போது இந்த இடமும் விற்பனை நிலத்துக்குள் மறைந்துபோயிருக்கலாம். பிழைத்தவர்களும் அவர்களுடைய சங்கங்களும் விடாமல் கேட்டதால் நிலைத்தது. பழைய தண்டவாளம் போன கோட்டிலேயே பூங்காவைக் குறுக்கே வெட்டி ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். அது இரண்டாம் மேடையின் மிச்சத்தில் போய் முடிகிறது. 2017 மே 10 முதல் அங்கே பலகைகளில் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொருவரின் பெயரும்.