45-க்கு 45

"எதப் போட்டா டாக்டருக்கு நல்லது தம்பி?"

சிகிச்சையை நோயாளியும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்கிறார்களா என்று அளக்கும் ஆய்வுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மனச்சோர்வுக்காக வந்த அந்த அக்கா ஆறாவது கேள்வியில் இப்படிக் கேட்டார். எந்தச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் உங்களைக் கேட்டாரா என்பதுதான் அந்தக் கேள்வி. கொஞ்சமும் இல்லை என்றால் 0, முழுக்க ஆம் என்றால் 5. அதுவரை எல்லாவற்றுக்கும் ஐந்துதான் சொல்லியிருந்தார். "உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்கக்கா, டாக்டர் இதப் பார்க்க மாட்டார்" என்றேன். "அப்ப மிச்சத்துக்கும் அஞ்சே போட்டுக்க."

போட்டேன். 9 கேள்விக்கு 45. அதை 20-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 100. நோயாளியிடம் கேட்டு நிரப்பும் இந்த எஸ்டிஎம்-க்யூ-9 படிவத்தோடு ஓபியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நிறையப் பேர் உச்சியில் போய்த்தான் நிற்பார்கள்.

ஆனால் டாக்டர் அறையில் நானும் இருந்தேன். மூலையில் உட்கார்ந்து, அதையே வெளியாள் பார்த்து அளக்கும் ஆப்ஷன்-5 படிவத்தில், ஐந்து அம்சங்களுக்கும் 0 முதல் 4 வரை போட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கில் 20-க்கு 5. நூற்றுக்கு 25. "மாத்திரையா, கவுன்சலிங்கா, என்ன நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்கத்தான் செய்தார். "நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்." மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதினார். தூக்கமும் பசியும் இல்லாமல் வந்தவருக்கு அது தப்பான மருந்தில்லை. வெளியே வராந்தா முழுக்க ஆட்கள் வேறு.

100 சரியா, 25 சரியா என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். முடிவெடுக்க முடியாமல் தவிப்பதே மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. பாரத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்த நிம்மதிக்கு அவர் 100 கொடுத்திருக்கலாம். அதை 25 என்று சொல்ல நான் யார்? இப்படி யோசிப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது. அடுத்து நடந்ததைத் தொடாமல் தப்பித்துக்கொள்ளலாம்.

படிவத்தை ஃபைலில் வைத்த பிறகு கேட்டார்: "இது தூக்க மாத்திரையா தம்பி? மூணு மணிக்கு எந்திரிச்சு பூ மார்க்கெட் போகணும்."

மனச்சோர்வுக்கு அந்த மாத்திரை வேலை காட்ட வாரக்கணக்கில் ஆகும். தூக்கக் கலக்கமோ முதல் ராத்திரியே வந்துவிடலாம், காலையிலும் விடாது. எனக்கு இது தெரியும். டாக்டரின் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.

"அடுத்த தடவை வரும்போது டாக்டர்கிட்ட கேளுங்கக்கா" என்றேன்.

அளக்கப் போனவன் சிகிச்சையில் தலையிடக் கூடாது. பயிற்சியில் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆளுக்கு ஆள் நாம் குறுக்கே புகுந்தால் என்னத்தை அளப்பது? இன்றும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அக்காவின் படிவம் அதற்குள் முடிந்து ஃபைலுக்குள் போயிருந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதுவும் கெட்டிருக்காது. டாக்டரும் கோபித்துக்கொள்ளக்கூடியவர் இல்லை. மாத்திரை போடும் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றியிருப்பார்.

"சரி தம்பி" என்று அந்த அக்கா தலையாட்டினார். டாக்டரிடம் ஆட்டிய அதே தலையாட்டல்.

ஒரே தடவை கேட்டு முடிக்கிற ஆய்வு அது. மாத்திரையைச் சாப்பிட்டாரா, பூ மார்க்கெட் போனாரா, மறுபடி வந்தாரா, தெரியாது. சாயங்காலம் கணினியில் 100 என்று ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.