தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு

எழும்பூரில் உழவன் விரைவு வண்டியில் ஏறிய இரவு, எங்கள் நால்வருக்குள் தஞ்சையைப் பற்றி ஒரே ஒரு வாக்குவாதம்தான் நடந்தது: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுமா, விழாதா? கட்டுமானப் பொறியாளனான நண்பன், பள்ளிப் பருவத்தில் கேட்ட கதையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், விழாது என்று நால்வருக்கும் காப்பி வாங்கித் தருவதாகப் பந்தயம் கட்டினான். கல்வெட்டு வாசிக்கப் பழகிவரும் தோழியோ, தான் அண்ணாந்து பார்க்க வரவில்லை, குனிந்து படிக்க வருவதாகச் சொல்லிவிட்டு மேல் படுக்கைக்கு ஏறிவிட்டாள்.

கும்பகோணத்தைத் தாண்டும்போது விழிப்பு வந்தது. பாபநாசத்துக்கு அருகில் வானம் வெளுத்து, நடவு முடிந்த வயல்களில் தேங்கியிருந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியது. இந்த வண்டிக்கு உழவன் என்று பெயரிட்டவர் இந்த விடியற்பொழுதைப் பார்த்திருக்க வேண்டும்.

நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே சென்றோம். அகழியைக் கடந்து, கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் இரண்டையும் தாண்டி முற்றத்தில் கால் வைத்தபோது வெயில் ஏறியிருந்தது. 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அந்த விமானத்தின் நிழல், மேற்குப் பக்கத்துத் தரையில் எந்தக் கூச்சமும் இல்லாமல் நீண்டு கிடந்தது. பொறியாளன் அதன் மேலேயே சற்று நேரம் நின்றுவிட்டு, பேசாமல் நகர்ந்தான். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இல்லாத அதிசயம் ஒன்றை ஏன் ஏற்றிச் சொல்கிறோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தோழி எங்களை விமானத்தின் அடித்தளத்துக்கு அழைத்துச் சென்றாள். தாம் கொடுத்தவற்றையும், தம் அக்கன் கொடுத்தவற்றையும், தம் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவற்றையும் 'ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக' என்று இராசராசன் ஆணையிட்ட எழுத்துகளை, விரலால் தொடாமல், காற்றிலேயே கோடு போட்டுக் காட்டினாள். விமானத்தின் உச்சிக்கு அவன் செப்புக்குடம் கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010ஆம் ஆண்டு. அத்தனை உயரத்தில் குடத்தை ஏற்றிய மன்னன், அக்காள் குந்தவையின் கொடையையும் பெயர் தெரியாத எவரோ ஒருவரின் கொடையையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியிருப்பதுதான் என்னை அங்கேயே நிற்க வைத்தது.

அதைவிடப் பெரிய வியப்பு, வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்தில் இருந்தது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கான பெண்களின், பெயர்களும், ஒவ்வொருவரும் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்பதும் முகவரிப் புத்தகம்போல வெட்டப்பட்டிருக்கின்றன. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீட்டுக்காரி, அதாவது முதல் வீட்டுக்காரி, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. ஒருவருக்குரிய ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று மட்டும் சொல்கிறது.

பிற்பகலில் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். மற்ற அறைகளை வேகமாகக் கடந்தாலும், திருவெண்காட்டில் கிடைத்த, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகன தேவருக்கு, காளையை வாகனமாகக் கொண்ட சிவனின் செப்புத் திருமேனிக்கு, முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். காளை இப்போது அவரோடு இல்லை. அதன் மேல் சாய்த்து வைத்திருந்த கை மட்டும் அதே நிதானத்தோடு வெற்றிடத்தில் ஊன்றியிருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்துக்கு நேரம் போதவில்லை.

நிலையத்தில் பந்தயக் காப்பி வந்தது. கலத்துக்கு 12 மரக்கால், ஆக 100 கலத்துக்கு 1,200 மரக்கால் என்று கணக்கிட்ட பொறியாளன், அது எத்தனை மூட்டை வரும் என்று டெல்டாவில் பயிர் செய்யும் தன் பெரியப்பாவிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்தான். அவர் முதலில் கேட்டது, யாருக்கு அவ்வளவு நெல் என்பதுதான். சேரமங்கைக்கு என்றான் இவன்.