பால்-பன்னல் அட்டவணைக்குள் ஒரு பன்றி இதயம்

ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகள் வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்கினால் கேட்பது: "அண்ணே, ஹெட்டிரோஃபைல் ஆன்டிஜென எங்கன வச்சுப் படிக்க? இம்யூனாலஜியிலா, வைராலஜியிலா?" சம்பந்தமில்லாத உயிரினங்களில் ஒத்திருந்து, ஒரே ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வந்து பிடிக்கும் பொருள்தான் ஹெட்டிரோஃபைல் ஆன்டிஜென். ரெண்டிலும் வரும், உறுப்பு மாற்றும் டிரான்ஸ்பிளான்டிலும் வரும். வார்டில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்குக் கேள்விப்படும் வைல்-ஃபீலிக்ஸ் ரத்தப் பரிசோதனைகூட இதே சங்கதிதான். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் படியுங்கள்.

தொடங்க நல்ல இடம், மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் காய்ச்சலுக்கான பால்-பன்னல் ரத்தப் பரிசோதனையின் அட்டவணை. எது உறிஞ்சுகிறது என்பதை வைத்து, இருப்பது எந்த ஆன்டிபாடி என்று அது பிரிக்கும். மோனோநியூக்ளியோசிஸ் ஆன்டிபாடியை மாட்டுச் சிவப்பணு உறிஞ்சும், கினிப்பன்றிச் சிறுநீரகம் உறிஞ்சாது. ஃபார்ஸ்மன் என்ற இன்னொரு ஹெட்டிரோஃபைல் ஆன்டிஜெனுக்கான ஆன்டிபாடி நேர்மாறு. விலங்குச் சீரம் ஏற்றியதால் வரும் சீரம் சிக்னெஸ் நோயில் உண்டாவதை இரண்டுமே உறிஞ்சும். இந்த மூன்றாவது வரியைக் கடம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கேதான் நிற்க வேண்டும். குதிரைச் சீரம் ஏறியவர்களிடம் 1924-ல் ஹங்கனுட்ஸியுவும் 1926-ல் டைக்கரும் கண்ட ஆன்டிபாடி அது. அது பிடிப்பது நியூ5ஜிசி என்ற சர்க்கரையை. குதிரை, மாடு, கினிப்பன்றி, பன்றி எல்லாவற்றிலும் உண்டு. நமக்கு அதற்கான சிஎம்ஏஎச் ஜீன் என்றைக்கோ செத்துப்போனதால் இல்லை. பன்றி உறுப்பை நம் உடம்பு ஏற்க மறுப்பதில் இந்தச் சர்க்கரைக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மறுப்பில் முதல் வில்லன் ஆல்ஃபா-கேல் என்ற வேறொரு சர்க்கரை. மனிதன், வாலில்லாக் குரங்கு, ஆசிய-ஆப்பிரிக்கக் குரங்குகள் தவிர மற்றப் பாலூட்டிகளிடம் உண்டு. நம் குடல் பாக்டீரியாவிலும் அதே சாயல் இருப்பதால், பன்றிக்கறியே தொடாத ஆளுக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி தயாராக இருக்கும். உறுப்பை உடனே நிராகரிக்கும் ஹைப்பர்அக்யூட் ரிஜெக்‌ஷனுக்கு வரிசை முக்கியம்: ரத்தக்குழாய் உள்சுவரில் ஆன்டிபாடி ஒட்டும், காம்ப்ளிமென்ட் (செல்லைத் தாக்கும் ரத்தப் புரதங்கள்) கிளம்பும், சுவர் சிதையும், ரத்தம் உறையும். நிமிஷங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் உறுப்பு கறுத்துவிடும். 'டி செல்' என்ற வெள்ளணுவில் ஆரம்பித்தால் மார்க் போச்சு.

வெளியிலிருந்து வந்த எங்கள் தேர்வாளர், எக்ஸ்டர்னல், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ இதயத்துல வைக்கிற பன்றி வால்வு மட்டும் எப்படிப்பா வருஷக்கணக்கா நிக்குது?" பதில்: அது குளுட்டரால்டிஹைட் என்ற ரசாயனத்தில் பதப்படுத்தியது, உயிருள்ள செல் இல்லை. ஆனாலும் மிச்சமிருக்கும் ஆல்ஃபா-கேலால், குறிப்பாகச் சின்ன வயதுக்காரர்களுக்கு, சுண்ணாம்பு சீக்கிரம் படியலாம். இந்தப் பின்பாதியையும் சொல்லுங்கள்.

2022 ஜனவரியில் மேரிலாந்தில் வைத்த பன்றி இதயத்தில் 10 ஜீன் மாற்றங்கள். நோயாளி சுமார் 2 மாதம் இருந்தார். பத்தையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். நம் உடம்பு எதிர்க்கும் சர்க்கரைகளை உண்டாக்கும் ஜீன் 3 நீக்கம், இதயம் பெருத்துவிடாமல் இருக்க வளர்ச்சி ஹார்மோன் ரிசப்டர் 1 நீக்கம், மனித ஜீன் 6 சேர்ப்பு. அந்த ஆறு எதற்கு என்று கேட்டால், காம்ப்ளிமென்டையும் உறைதலையும் அடக்க என்பதில் ஆரம்பியுங்கள். மேலே சொன்ன வரிசையே உங்களை மீதிக்கு இழுத்துப்போகும்.