துன்ஹுவாங்கில் பெலியோ உட்கார்ந்து படித்த அறை

வடமேற்குச் சீனாவில் துன்ஹுவாங் நகருக்கு அருகிலுள்ள மொகாவ் பௌத்தக் குகைகளுக்குப் போனால் 17-ஆம் குகையை விட்டுவிடாதீர்கள். 16-ஆம் குகைக்குள் போகும் வழியில் வலது கைப்பக்கம், மூன்று மீட்டர்கூடத் தேறாத சதுர அறை. ஹோங்பியன் என்ற துறவியின் சிலையும் பின்சுவரில் தீட்டிய இரண்டு மரங்களும் இப்போதும் அங்கே இருக்கின்றன. 1908 மார்ச்சில் பிரெஞ்சுச் சீனவியல் அறிஞர் பால் பெலியோ நுழைந்தபோது ஆள் உயரத்துக்கு ஏட்டுச் சுருள்கள் அடைத்துக் கிடந்தன.

ஹனோயில் சீனம் கற்பித்த அந்தப் பாரிஸ்காரருக்கு அப்போது வயது 29. முந்தைய ஆண்டே வந்துபோன பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஆரல் ஸ்டைனுக்குச் சீனம் படிக்கத் தெரியாது, கிடைத்ததை அள்ளினார். பெலியோ மூன்று வாரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குந்தியபடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நாளுக்கு ஆயிரம் சுருள் என்பது அவரே சொன்ன கணக்கு. என்ன விலையானாலும் வேண்டியவை ஒரு குவியல், கிடைத்தால் நல்லது என்பவை இன்னொன்று. காவலிருந்த தாவோ துறவி வாங் யுவான்லுவுக்குக் கொடுத்தது 500 தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி. கொள்ளை என்று சீனர்கள் சொல்வதில் தப்பே இல்லை.

ஆனாலும் பெலியோ படிப்பாளி என்பதற்கு ஒரு சான்று போதும். தலையும் வாலும் இல்லாத, பெயரற்ற ஒரு துண்டுச் சுருள். எட்டாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய கொரியத் துறவி ஹ்யேச்சோவின் பயணக் குறிப்பு அது என்று கண்டுகொண்டார். பழைய சீன அருஞ்சொல் அகராதி ஒன்று அந்நூலின் சொற்களுக்குப் பொருள் சொல்லியிருந்தது. அதை வைத்து 1904-லேயே அந்நூலைப் பற்றி எழுதியிருந்தவர் அவர். 1909-ல் பெய்ஜிங் அறிஞர்களிடம் சில சுருள்களைக் காட்டியதும், எஞ்சியவற்றைத் தலைநகருக்கு அனுப்ப அரசு உத்தரவிட்டது. பாரிஸிலோ, எல்லாம் போலி என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். 1911-ல் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியரானார், 1945-ல் இறந்தார்.

போகிறவர்களுக்கு: நகரத்திலிருந்து குகைகள் 25 கிலோமீட்டர். முன்பதிவும் பாஸ்போர்ட்டும் கட்டாயம். ஏ வகைச் சீட்டில் முதலில் எண்மக் காட்சி மையத்தில் இரண்டு படங்கள், பிறகு பேருந்து, எட்டு குகைகள். எவை என்பது வழிகாட்டி கையில். 17 பெரும்பாலும் உண்டு, ஆனாலும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். சீசனில் சீட்டு தீர்ந்தால் கிடைக்கும் பி வகையில் நான்கு குகைகள்தான், படங்கள் கிடையாது. உள்ளே கேமரா எடுக்கவே கூடாது. கூட்டத்தின் மூச்சுக்காற்றாலோ மழையாலோ ஈரம் ஏறினால் சுவர்ப் பூச்சிலுள்ள உப்பு கிளம்பி ஓவியம் உரியும். அதனால் மழை நாளில் குகைகளை மூடிவிடுவதுண்டு; கைவசம் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுருள்கள் பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, பட்டு ஓவியங்கள் கிமே அருங்காட்சியகத்தில். ஹ்யேச்சோவின் ஏட்டை நூலகத்தின் காலிகா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்; அதன் நூலக எண் ‘பெலியோ ஷினுவா 3532’.