ஆச்சியின் பல்லாங்குழியும் ரன்டைம் எரர் 200-உம்

சென்ற ஆடியில் கடையத்து வீட்டின் பரணை ஒதுங்க வைத்தபோது, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று பிளாப்பிகளும் ஐந்தாறு சிடிக்களும் கிடைத்தன. மலையடிவாரத்து ஊர் என்பதால் சாரல் மாதங்களில் எங்கள் வீட்டுச் சுவரே ஈரம் பூத்து நிற்கும். பிளாப்பிகளின் தகட்டிலும் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. அவற்றுள் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘பல்லாங்குழி, 1997’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது டர்போ பாஸ்கல் 7 என்ற நிரல் எழுதும் மென்பொருளில் நான் எழுதிய கணினி விளையாட்டு அது. எங்கள் ஆச்சி விளையாடும் முறையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசையாக இருந்தது: பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அதை அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஆச்சி கொட்டைகளை ஒவ்வொன்றாக, சத்தம் கேட்கும்படி போடுவாள். அதனால் ஒரு கொட்டைக்கும் அடுத்த கொட்டைக்கும் இடையே கால் விநாடி நிற்கும்படி ‘டிலே’ கட்டளையைப் போட்டு, கணினியின் ஸ்பீக்கரில் ஒரு சின்ன ‘டொக்’ சத்தத்தையும் சேர்த்திருந்தேன். வீட்டில் கணினி இல்லாத காலம் என்பதால் ஆச்சிக்கு அதைக் காட்ட வாய்க்கவில்லை.

1998-இல் கல்லூரி ஆய்வகத்துக்குப் பென்டியம் 2 கணினிகள் வந்ததும், என் பல்லாங்குழி அவற்றில் திறக்காமலே நின்றுவிட்டது. திரையில் ‘ரன்டைம் எரர் 200’ என்ற ஒரு வரி மட்டும் தெரிந்தது. பூஜ்யத்தால் வகுத்தல் என்பது அதன் பொருள். மூன்று நாள் என் நிரலை வரிவரியாகப் படித்தும், பூஜ்யத்தால் வகுக்கும் இடம் எதையும் நான் காணவில்லை. வைரஸாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைக் காரணத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கோளாறு என் நிரலில் இல்லை. டர்போ பாஸ்கல் அதனுடன் சேர்த்துக் கட்டிய ‘சிஆர்டி’ என்ற பகுதியில் இருந்தது. கால் விநாடி காத்திருக்கச் சொன்னால் அது எத்தனை சுற்று வெறுமனே ஓட வேண்டும் என்பது கணினிக்குக் கணினி மாறும் அல்லவா? ஆகவே நிரல் தொடங்கும்போதே கணினியின் கடிகாரத் துடிப்பு ஒன்றுக்குள், அதாவது ஏறத்தாழ 55 மில்லி விநாடிக்குள், தான் எத்தனை சுற்று ஓடுகிறோம் என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். வகுத்து வரும் விடை 16 பிட் இடத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது 65,535-ஐத் தாண்டக் கூடாது. எண்ணிக்கை 36 லட்சத்தைக் கடந்தால் விடை அடங்காது, செயலி வகுத்தல் பிழை என்று கையை விரித்துவிடும். அந்தப் பிழையும் பூஜ்யத்தால் வகுக்கும் பிழையும் செயலிக்கு ஒன்றே என்பதால்தான் செய்தி எங்களைத் திசைதிருப்பியது. அவ்வளவு வேகமான கணினி வரும் என்று, அந்த வரிகளை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தனை ஆண்டுக்குப் பின் அந்தப் பிளாப்பியைப் படிப்பதே முதல் வேலையாக இருந்தது. பூசணம் பிடித்த பிளாப்பியை அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் தலை கெட்டுவிடும். எனவே உலோக மூடியை விரலால் தள்ளிப் பிடித்து, தகட்டைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரு பக்கமும் துடைத்தேன். வண்ணார்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், யுஎஸ்பி பிளாப்பி டிரைவை இரண்டு நாளைக்குக் கொடுத்து உதவினார். மூன்றில் ஒன்று மட்டும் படித்தது. இயங்கும் எக்ஸ்இ பைலும், திரையில் படம் வரைய அதற்குத் தேவையான கிராபிக்ஸ் டிரைவரும் அதில் இருந்தன. நான் எழுதிய வரிகள் அடங்கிய மூல நிரல் இருந்த பிளாப்பி போனது போனதுதான். அதைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்து எக்ஸ்இ பைலாக்கும் வழி அத்துடன் அடைபட்டது.

அக்காள் மகனின் விண்டோஸ் 11 மடிக்கணினியில் போட்டதும், இந்த நிரல் இங்கே இயங்காது என்று அது உடனே மறுத்துவிட்டது. 64 பிட் முறையில் ஓடும் செயலியில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் நிரல்களுக்காக முன்பு இருந்த ‘வர்ச்சுவல் 8086’ என்ற நிலை கிடையாது. அதனால் 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் நிரலை நேரடியாக ஓட்டும் பகுதியும் கிடையாது. வீட்டில் மூலையில் கிடந்த எக்ஸ்பி கணினியில் அந்தப் பகுதி உண்டு. அதில் போட்டால், 1998-இல் பார்த்த அதே 200 வந்து நின்றது. அங்கே நிரல் உண்மையான செயலியின் முழு வேகத்தில் ஓடுகிறது என்பதே காரணம்.

எக்ஸ்இ பைலுக்குள் சில பைட்டுகளை மாற்றி இந்த எரரைத் தவிர்க்கும் ஒட்டுக் கருவிகள் உள்ளன. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்த நிரல் எந்தக் கணினியை நம்பி எழுதப்பட்டதோ, அந்தக் கணினியை அதற்குக் கொடுப்பதே முறை என்று நான் கருதுகிறேன். 2002-இல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் செய்வது அதைத்தான். செயலி, கடிகாரச் சில்லு, விஜிஏ கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் என்று ஒரு பழைய கணினி முழுவதையும் மென்பொருளாலேயே அது கட்டி எழுப்புகிறது. அதில் ‘சைக்கிள்ஸ்’ என்று ஓர் எண் உண்டு. மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதை அது குறிக்கிறது. அதை 3,000 என்று வைத்தால் 55 மில்லி விநாடியில் 1,65,000 கட்டளைகள்தான் ஓடும். 36 லட்சத்தை எட்டும் பேச்சுக்கே இடமில்லை. கண்ட்ரோலுடன் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

முதல் முயற்சியில் 200 வரவில்லை. டிவைஸ் டிரைவர் பைல் கிடைக்கவில்லை என்ற வேறொரு செய்தி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது, ஏனெனில் இது நானே நிரலில் எழுதி வைத்த சோதனை. ஆய்வகத்துக் கணினிகளில் சி டிரைவின் டிபி போல்டருக்குள் பிஜிஐ என்ற போல்டரில் அந்தப் பைல் இருக்கும். அந்தப் பாதையை அப்படியே நிரலுக்குள் எழுதியிருந்தேன். ஒரு போல்டரை டாஸ்பாக்ஸுக்குள் சி டிரைவாக ‘மவுண்ட்’ செய்து, அதனுள் அதே பெயர்களில் அதே அமைப்பை உண்டாக்கி, டிரைவரை அங்கே வைத்தேன். பதினாறு நிறத் திரையில் பதினான்கு குழிகளும் வந்தன, கொட்டை விழும் ‘டொக்’ சத்தமும் வந்தது.

டப்பாவில் இருந்த சிடிக்களின் கதை வேறு. அவை விண்டோஸ் 95 காலத்து விளையாட்டுகள். சிலவற்றில் விளையாட்டு 32 பிட், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட். நிறுவவே முடியாததால் விளையாட்டே ஓடாது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் 98 ஏற்றிய மெய்நிகர் கணினியில் நிறுவி, அந்தப் போல்டரை மட்டும் வெளியே நகலெடுத்தால் பல விளையாட்டுகள் ஓடிவிடும். வேறு சில ஓடும், ஆனால் தண்ணீர் ஊதாவாகவும் புல் சிவப்பாகவும் தெரியும். திரை முழுவதற்கும் 256 நிறங்கள் கொண்ட ஒரே வண்ணப்பட்டியல் என்ற காலத்தில் எழுதப்பட்டவை அவை. டெஸ்க்டாப்பும் அதே பட்டியலில் கை வைப்பதால் நிறம் குழம்புகிறது. விளையாட்டின் போல்டரிலேயே டிஜிவூடூ 2 போன்ற இடைநிலைக் கோப்பை வைத்தால், திரையில் படம் வரைய விண்டோஸிடம் விளையாட்டு விடுக்கும் பழைய டைரக்ட் டிரா அழைப்புகளை அது புதிய முறைக்கு மாற்றித் தந்துவிடும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு சிடியில் உள்ளவைதான் கடினம். சேஃப்டிஸ்க் பூட்டுக்குரிய டிரைவரை, பாதுகாப்பைக் கருதி 2015-இல் விண்டோஸ் 10 கைவிட்டது; காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியை வைத்திருப்பவரே இதனால் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பது எனக்கு உண்மையான வருத்தம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் தன் பயன்பாட்டுக்காகக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. எனவே நல்ல நிலையில் உள்ள சிடிக்களை இப்போதே இமேஜ் பைலாக, அதாவது சிடியின் முழு நகலாக, எடுத்து வைப்பது நல்லது. யாரும் விற்காத பழைய விளையாட்டு என்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

பல்லாங்குழி ஓடிய அன்று மாலை அம்மாவை மடிக்கணினியின் முன் உட்கார வைத்தேன். ஆச்சியிடம் கற்றவள் அவள். இரண்டு ஆட்டம் பேசாமல் ஆடினாள். மூன்றாவதில் திரையை விரலால் தொட்டுக் காட்டி, “எய்யா, கடைசிக் குழியில நாலு சேந்துட்டு, பசு எடுக்காம போவுதே” என்றாள். அவள் சொன்னது சரி. ஏழு குழிகளைப் பார்க்க வேண்டிய சுற்றை 1997-இல் நான் ஆறோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூல நிரல் இல்லாவிட்டாலும் எக்ஸ்இ பைலுக்குள் அந்த ஓர் எண்ணைத் தேடிப் பிடித்து மாற்ற முடியும். இரவில் அதற்காகப் பைலைத் திறந்தும் பார்த்தேன், பிறகு தொடாமல் மூடிவிட்டேன். மறுநாள் ஆடும்போது, கடைசிக் குழியில் நான்கு சேராதபடி கணக்குப் போட்டுத்தான் அம்மா கொட்டைகளை எடுத்தாள்.